அடுத்த லேபில் எவ்வளவு வந்தது?

என்னோடு படித்த தோழியின் லேப் தரும் ரிப்போர்ட்டின் வலது மூலையில் ஒரு சின்ன முத்திரை இருக்கும். கட்டைவிரல் நகம் அளவுதான். அதற்குக் கீழே ஓர் எண். மயிலாப்பூரில் என் லேபுக்கு வருகிறவர்கள் பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டும்போது என் கண் அவர்களுடைய சர்க்கரைக்கோ கொழுப்புக்கோ போகாது, நேரே அந்த மூலைக்குப் போகும். முத்திரை இருந்தால் அவள் லேப். அதற்கப்புறம் குடிக்கிற காபி எனக்குக் கசக்கும்.

பொறாமை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து ‘ஆதங்கம்’ என்று சொல்லிக்கொள்ளும் வயதை நான் தாண்டிவிட்டேன். லேப் டெக்னீஷியன் டிப்ளமோவில் அவளும் நானும் ஒரே பெஞ்ச். நான் வகுப்பில் முதல், அவள் பதினாலாவதோ பதினைந்தாவதோ. நரம்பு கிடைக்காமல் அவள் தடுமாறும்போது, ஊசியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவள் நான். கடைசி வருஷ பிராக்டிகல் பரீட்சையில் அவளுக்கு ஹீமோகுளோபின் தப்பாக வந்து விழித்தபோது, என் நோட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்து என் எண்ணைக் காட்டியதும் நான்தான். அந்த எண்ணில்தான் அவள் பாஸானாள். இப்போது அவளுக்கு ஆழ்வார்பேட்டையில் ஏசி போட்ட லேப், கண்ணாடிக் கதவு, ரிப்போர்ட்டில் முத்திரை. எனக்குப் பூக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இரண்டு அறை.

அக்ரெடிடேஷன் முத்திரை கிடைத்த அன்று எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். நல்லபடியாக வாழ்த்திவிட்டு, போனை வைத்த பிறகு, அந்த வாழ்த்துக்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் அக்ரெடிடேஷனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாம் பேப்பர் வேலை, ஃபைல் தைக்கிற வேலை, ரத்தத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரிஜிஸ்டரைப் பார்க்கிற வேலை என்றேன். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிடயர் ஆனவர். சாய்வு நாற்காலியில் ஜிலேபியைப் பிய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, “இன்ஸ்பெக்‌ஷன் வந்தா எங்களுக்கும் இப்படித்தான் எரியும்” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்‌ஷன் இல்லை இது என்று அவருக்கு விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே எரிச்சல் கூடியது, ஏனென்றால் அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். லைசென்ஸ் என்பது கடையைத் திறக்கலாம் என்கிற அனுமதி. அக்ரெடிடேஷன் அப்படியில்லை. இந்த வேலை தெரிந்த வெளியாட்கள் வருவார்கள். நீ செய்வதாகச் சொல்வதைத்தான் செய்கிறாயா, நீ இல்லாத நாளிலும் உன் லேபில் அதேபோல் நடக்குமா, உன் மெஷின் காட்டும் எண் உண்மையான எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று தோண்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, இந்த எண்ணை நம்பலாம் என்று தங்கள் பெயரைப் பணயம் வைப்பார்கள். அதுவும் லேபுக்கு மொத்தமாக இல்லை, ஒவ்வொரு டெஸ்ட்டாக. ஒரு டெஸ்ட்டுக்குக் கிடைத்தது என்பதற்காக இன்னொன்றுக்குக் கேட்காமல் போட்டுக்கொள்ள முடியாது. சில வருஷம் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

வேண்டுமானால் நானும் வாங்கிக்கொள்ளலாம்தான். என்னைக் கேட்டால் எனக்கு முத்திரை எதற்கு, இத்தனை வருஷமாக இந்தத் தெருவே என்னை நம்புகிறதே என்பேன். தெரு நம்பியது உண்மை. எதை வைத்து நம்பியது என்று தெருவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளியார் படித்தால் சிரிப்பார்கள். முத்திரை இல்லாத லேபும் சேர்ந்துகொள்ளக்கூடிய ஒரு வெளிச் சோதனை இருக்கிறது. மாதாமாதம் ஓர் இடத்திலிருந்து சின்னக் குப்பியில் சாம்பிள் வரும். அதில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு என்று நமக்குச் சொல்லமாட்டார்கள். நோயாளியின் ரத்தத்தைச் சோதிப்பதுபோலவே சோதித்து, வந்த எண்ணை அனுப்ப வேண்டும். எல்லா லேபின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீ கூட்டத்தோடு நிற்கிறாயா, தனியாக எங்கேயோ நிற்கிறாயா என்று எழுதி அனுப்புவார்கள். நம் மெஷினைப் பற்றி நாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. நாங்கள் என்ன செய்வோம் என்றால், அனுப்புவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்வோம். உனக்கு எவ்வளவு வந்தது? எனக்கு இவ்வளவு. சரி, அப்படியானால் இதையே போடு. எண் எல்லோருக்கும் ஒத்துப்போகும், எல்லோருக்கும் ‘திருப்தி’ என்று பதில் வரும். நாங்கள் அதை ஃபைலில் குத்தி வைப்போம்.

ஒரு மாதம் வந்த குப்பியில் மூன்று மாதச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு 6.1 வந்தது. வழக்கம்போல் தி. நகரில் லேப் வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் மாடியில் வைத்திருக்கிறான், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“இன்னாக்கா, உனுக்கு ஆறு வந்துகீதா? எனுக்கு ஏழு புள்ளி ஆறு. பெசன்ட் நகர் லேப்காரருக்கும் அதான். நீ ஏழரை போட்டுடுக்கா, ஒண்ணும் ஆவாது.”

ஒன்றரை வித்தியாசம் என்பது சின்ன விஷயமில்லை. அப்போது எனக்குள் ஒரு பல்லி கத்தத்தான் செய்தது. மெஷினைச் சரிபார்த்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனைத் திரவத்தைத் திங்கட்கிழமைக்கு மட்டும் என்று நானே சுருக்கிக்கொண்டிருந்தேன், அதிலும் சில திங்கட்கிழமைகள் மறந்து போயிருந்தன. அதையெல்லாம் நினைக்கப் பிடிக்காமல் அவளுக்குப் போன் போட்டேன். அவளுக்கும் 6.1 என்றால் என் பக்கம் ஓர் ஆள் கிடைக்கும், அதுவும் முத்திரை உள்ள ஆள்.

“சொல்லமாட்டேன்டி,” என்றாள். “உனக்கு என்ன வந்துதோ அதை அப்படியே எழுதி அனுப்பு.”

அன்றைக்கு ஹீமோகுளோபின் நான் காட்டவில்லையா என்று கேட்டேன். அத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்லிக் காட்டுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. காட்டினாய், மறக்கவில்லை, ஆனாலும் சொல்லமாட்டேன் என்றாள். பெரிய இடம் ஆகிவிட்டாய், நடத்து என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடு 6.1 என்பதை அடித்துவிட்டு 7.5 என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. திருப்தி. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், முத்திரை இல்லாமலேயே நமக்கும் அதே மார்க்தான் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு பலே என்றார். வாத்தியார் வாயால் பலே கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

அவருக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான்தான் ரத்தம் எடுப்பேன், என் மெஷினில்தான் போடுவேன். அந்த வருஷம் எப்போது பார்த்தாலும் ஆறரை, ஆறு புள்ளி ஆறு. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை சில நாள் கூடத்தான் இருந்தது. ராத்திரி இரண்டு இட்லி அதிகமாகப் போயிருக்கும் என்று விட்டுவிடுவோம். மூன்று மாதக் கணக்கே நன்றாக இருக்கும்போது ஒரு காலையைப் பற்றி என்ன கவலை? ஆறு புள்ளி ஆறுக்கு ஒரு ஜிலேபி சாப்பிடலாம் என்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். நான் அதற்குக் கையெழுத்துப் போட்டவள்.

பாண்டி பஜாரில் வாங்கிய புதுச் செருப்பு அவருடைய வலது காலில் இரண்டாம் விரலைக் கடித்தது. சாதாரணப் புண். ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று களிம்பு போட்டோம். மூன்றாவது வாரம் விரல் கறுத்திருந்தது. வலிக்கவில்லை என்றார், வலிக்காததுதான் என்னைப் பயமுறுத்தியது. அடையாறில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் போனோம். அவர் விரலைப் பார்த்தார், என் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடியும் விரலைப் பார்த்தார்.

“இந்த விரலுக்கு ஆறு புள்ளி ஆறு பொருந்தலையேம்மா. இது எந்த லேப்? அக்ரெடிடேஷன் இருக்கிற இடத்துல ஒரு தடவை பாத்துட்டு வாங்க.”

எந்த லேப் என்று நான் சொல்லவில்லை. லேபின் பெயர் தாளின் தலையிலேயே இருந்தது, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி எதிரில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டில் ஒரு லேபின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஆழ்வார்பேட்டை.

ஆட்டோவில் போகும்போது காலைவிட எனக்கு அந்தச் சீட்டுதான் உறுத்தியது. இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. விரல் கறுத்த மனுஷன் பக்கத்தில் இருக்கிறார், நான் அவள் லேபின் கண்ணாடிக் கதவை எப்படித் தள்ளுவது என்று யோசித்துக்கொண்டு போகிறேன். உள்ளே போனதும் நாற்காலிகளை எண்ணினேன். பன்னிரண்டு. என்னிடம் ஐந்து, அதில் ஒன்று ஆடும்.

அவளே ரத்தம் எடுக்க வந்தாள். சாந்தோம் சர்ச்சில் எங்கள் கல்யாணத்தின்போது எனக்குத் தோழிப் பெண்ணாகப் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அவளுக்கு எங்கள் இரண்டு பேரையும் முப்பது வருஷமாகத் தெரியும். அப்படியிருந்தும் வீட்டுக்காரரிடம், “அண்ணா, உங்க முழுப் பேரையும் பிறந்த தேதியையும் சொல்லுங்க” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதைக் குழாயில் ஒட்டிய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். நாடகம் என்று நினைத்தேன். ஊசி போன சாய்வைக் கவனித்தேன். நான் சொல்லிக் கொடுத்த சாய்வு.

ரிசல்ட்டைக் கவுண்டரில் தராமல் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்திருந்தாள். 8.2.

“போன மாசக் குப்பியில உனக்கு நிஜமா எவ்வளவு வந்தது?” என்றாள்.

“ஏழரை.”

“எழுதினதைக் கேக்கலைடி. வந்ததைக் கேக்கறேன்.”

ஆறு புள்ளி ஒன்று என்றேன். அவள் கால்குலேட்டரை எடுக்கவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. என் மெஷின் எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒன்றரை குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் அந்தக் குப்பி வந்தது. நான் தி. நகருக்குப் போன் போட்டு அதன் வாயை அடைத்திருந்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். அலமாரியைத் திறந்து ஒரு தடித்த ஃபைலை என் முன்னால் வைத்தாள். சான்றிதழ்களாக இருக்கும், பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று நினைத்துத்தான் பிரித்தேன். முழுக்கத் தவறுகள். ஃபிரிட்ஜ் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு டிகிரிக்கு ஏறியது, உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டியது. இரண்டு நோயாளிகளின் குழாய் இடம் மாறியது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், யாருக்குப் போன் செய்தார்கள். அதே மாதம் வந்த இன்னொரு குப்பியில் அவளுக்கும் கால்சியம் தவறிப்போய், ‘திருப்தி இல்லை’ என்று வந்திருந்தது. அந்தத் தாளையும் குத்தி வைத்து, பக்கத்தில் காரணம் எழுதி, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டிருந்தாள். கால்சியத்துக்கு முத்திரை போடுவதை அவளாகவே நிறுத்தியிருந்தாள்.

முத்திரைக்கு வந்த பொறாமை எனக்குப் பழகிப்போனது. அவளுடைய தவறுகளைப் பார்த்து வந்த பொறாமை புதிது. இத்தனை தப்பு செய்துவிட்டு ஒருத்தியால் எப்படித் தலை நிமிர்ந்து உட்கார முடிகிறது? என் லேபிலும் ரிஜிஸ்டர் இருக்கிறது. ஃபிரிட்ஜ் டிகிரி வருஷம் முழுக்க நாலு, நாலு, நாலு. மாசக் கடைசியில் ஒரே பேனாவில் உட்கார்ந்து எழுதிய நாலு. அந்த ஃபிரிட்ஜில்தான் மருந்துக் குப்பிகளுக்குக் கீழே தோசை மாவும் வைத்திருந்தேன். என் லேபில் ஒரு நாளும் ஒரு தவறும் நடந்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் விரலை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் பார்த்திருந்தால் மருந்திலேயே ஆறியிருக்கலாம் என்று டாக்டர் பொதுவாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 6.1, தி. நகர்த் தம்பி, 7.5, பலே.

“உன் ரிசல்ட்டுன்னு நம்பித்தாம்மா ஜிலேபி சாப்பிட்டேன்,” என்றார்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. காபி ஆறிவிட்டது என்று சொல்வாரே, அந்தக் குரல். நான் அழுதேன். அவர் என் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டாயா என்று கேட்டார்.

சொன்னேன். மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட்டை அன்றே நிறுத்தினேன். மெஷின் கம்பெனி ஆள் வந்து பார்த்து, அளவு தள்ளிப்போயிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு, அத்தனை மாதமும் என்னிடம் அந்த டெஸ்ட் எடுத்த ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். சிலர் கத்தினார்கள். ஒருவர் என்னை நேரில் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கச்சேரி ரோட்டில் இருக்கும் ஒரு அம்மா மட்டும், பரவாயில்லம்மா, நீயாவது சொன்னியே என்றார். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாரையும் ஆழ்வார்பேட்டைக்கு அனுப்பினேன், என் கையாலேயே அவள் லேபின் பெயரைச் சீட்டில் எழுதி. அவ்வளவுக்கு நடுவிலும், இத்தனை பேரும் இனி அங்கேயே போய்விடுவார்களே என்று வயிறு எரிந்தது. பாதிப் பேர் திரும்பி வரவில்லைதான்.

அடுத்த குப்பி வந்தபோது தி. நகர்த் தம்பி போன் செய்தான். இன்னா வந்துச்சுக்கா என்றான். சொல்லமாட்டேன் என்றேன். அக்காவுக்கு இன்னா ஆச்சு என்று கேட்டுவிட்டு, கோபத்தில் வைத்துவிட்டான். அவள் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. அவளைப் பார்த்துக் காப்பி அடிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேனே என்று தோன்றியது. ஆனாலும் வந்த எண்ணைத்தான் அனுப்பினேன்.

ஃபிரிட்ஜிலிருந்து மாவு வீட்டுக்குப் போனது. ரிஜிஸ்டரில் ஆறு வந்தது, ஏழு வந்தது, ஒரு நாள் ஒன்பதும் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி எழுதிப் பழகிய பிறகு நானும் விண்ணப்பம் போட்டேன். எல்லா டெஸ்ட்டுக்கும் இல்லை. எனக்கே நம்பிக்கை உள்ள கொஞ்சத்துக்கு மட்டும்.

பார்க்க வந்தவர் என் வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மெஷினைப் பார்த்தார், குப்பை வாளியைப் பார்த்தார், ஆடும் நாற்காலியைப் பார்த்தார். பிறகு தவறுகளுக்கான ஃபைலைக் கேட்டார். முதல் தாள் வீட்டுக்காரருடையது. எங்கள் படிவத்தில் நோயாளியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். என்ன தவறு, யார் செய்தது, எப்படித் தெரிந்தது என்று கட்டம் கட்டமாகப் போகும். கடைசிக் கட்டம், நோயாளிக்கு ஏற்பட்ட விளைவு. பொதுவாக அதில் ‘இல்லை’ என்று எழுதுவது வழக்கம். நான் எழுதியிருந்தேன்: வலது காலில் இரண்டாம் விரல் அகற்றப்பட்டது.

அவர் அந்த வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“இந்த நோயாளிக்குத் தகவல் சொன்னீங்களா?” என்று கேட்டார். “அப்புறம் உங்க லேபுக்கு வந்திருக்காரா?”

“சொல்லிட்டேன் சார்,” என்றேன். “வாசல்ல ஸ்கூட்டர்ல உக்காந்திருக்கார். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கார்.”